சென்னை சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தின் எழுச்சியும் மறைவும்

விளையாட்டுக் கழகமொன்றின் வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியல் மட்டுமன்று. அக்கழகம் ஆடிய லீக்கின் அமைப்பே அதன் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. இந்தியாவின் ஐ-லீக்கில் ஐந்தே பருவங்கள் ஆடி, அவற்றுள் ஒன்றில் பட்டத்தையும் வென்று மறைந்த சென்னை சிற்றி உதைபந்தாட்டக் கழகம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1996இல் ஆரம்பமான இந்தியத் தேசிய உதைபந்தாட்ட லீக், 2007இல் ஐ-லீக்காக மாற்றியமைக்கப்பட்டது. கல்கத்தா, கோவா ஆகிய பழைய நிலையங்களின் அணிகளே அதிற் செல்வாக்குப் பெற்றிருந்தன. அதனைப் புதிய நகரங்களுக்கு விரிவாக்க விரும்பிய அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம், கீழ்ப்பிரிவில் ஆடி முன்னேறாமலே அணிகள் சேரக்கூடிய நேரடி நுழைவு முறையைக் கையாண்டது. 2013இல் அவ்வாறு நுழைந்த பெங்களூர் அணி முதற் பருவத்திலேயே பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்தில் நுழைந்த புனே நகரின் பாரத் அணியோ இறுதி இடத்தைப் பெற்று, ஒரே பருவத்துடன் விலகிக்கொண்டது. 2016-17 பருவத்தில் மினர்வா பஞ்சாப் அணியும் சென்னை சிற்றியும் இவ்வழியே நுழைந்தன.

முதலிரு பருவங்களிலும் சென்னை சிற்றி பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றது. இதனிடையே அதன் களம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 2018-19இல் சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸின் வழிகாட்டலில் அணி புத்துயிர் பெற்றது. பெட்ரோ மன்சி 21 கோல்களை அடித்தார். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கினை வாங்கியது. 2019 மார்ச் 9ஆந் திகதி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என வென்ற சென்னை சிற்றி 43 புள்ளிகளை எட்டியது. ஈஸ்ற் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தைப் பெற்றது.

ஆயினும், வென்ற அணி மேலேறுவதற்குப் படி இருக்கவில்லை. 2014இல் தனியார் முதலீட்டுடன் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக்கிற்கு ஐ-லீக் பட்டத்தின் மூலம் முன்னேற அப்போது வழி இருக்கவில்லை. 2019-20இல் அதுவே நாட்டின் முதல்நிலை லீக்காயிற்று. இதனால், சென்னை சிற்றி பட்டம் வென்ற மறு பருவத்திலேயே அது ஆடிய லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. மன்சி ஜப்பான் சென்றார். கொரோனாத் தொற்றினால் அப்பருவம் இடையில் நின்றது. அடுத்த பருவம் பார்வையாளரின்றி மேற்கு வங்கத்தில் நடைபெற்றது. 2021-22 பருவத்தின் அணிகளுள் சென்னை சிற்றி இடம்பெறவில்லை.

ஐ-லீக்கை வென்ற அணி சூப்பர் லீக்கிற்கு முன்னேறும் முறை 2022-23 பருவத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அதனால் முதலிற் பயன்பெற்றது, சென்னை சிற்றியுடன் ஒரே பருவத்தில் நுழைந்து, பின்னர் உரிமையாளரும் பெயரும் மாறிய அதே பஞ்சாப் அணியாகும்.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. கொட்டாஞ்சேனை ரட்ணம் கழகம் உட்படப் பத்து அணிகளுடன் 2021இல் நடைபெற்ற இலங்கைச் சூப்பர் லீக் மறு ஆண்டு தொடரவில்லை. புதிய அணிகளுக்கு வாயிலைத் திறப்பது எளிது. நுழைந்தோர் நிலைப்பதற்கும் உயர்வதற்கும் படிகளை அமைக்காத விரிவாக்கம் வீரர்களின் உழைப்பையும் ஊராரின் நம்பிக்கையையும் வீணாக்கும் என்பதே சென்னை சிற்றியின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.