தங்கவயலில் கல் வீடுகள்

கோலார் தங்கவயல் என்றதும் நம் அன்பர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். தரைக்கு மேலே நின்ற கட்டடங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் ஸன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே வந்தது. அவர்களுடைய பூர்வீக அனுபவம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலில். அங்கே தகரம், செம்பு வெட்டினவர்கள். அதே ஊர்ச் சுரங்கக்காரர்களையும் அழைத்து வந்தார்கள். ஊரகத்திலும் மாரிக்குப்பத்திலும் அதிகாரிகளுக்குக் கல் பங்களாக்கள் எழும்பின. வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளிகளுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகள். பாறையை உடைத்தவன் தட்டிக்குள்ளும், உடைக்கச் சொன்னவன் கல்லுக்குள்ளும் வாசம். குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அதன்பின் நீராவி எஞ்சின்களுக்கு வேலை குறைந்தது. கார்ன்வாலிலோ அவற்றின் கூடங்கள் சுரங்கங்கள் மூடிய பிறகும் வானைப் பார்த்து நின்றன. கருங்கல்லில் மூன்றடுக்கு உயரம்; ஒரு பக்கச் சுவர் மட்டும் எஞ்சினின் ராட்சத உத்தரத்தைத் தாங்க வேண்டி மற்றவற்றைவிடத் தடிமன். இப்போது அவற்றில் சிலவற்றுக்குள் தளங்கள் போட்டு, மாடிப்படி வைத்து, குடும்பங்கள் குடியிருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ அந்தச் சுரங்க நிலப்பரப்பை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தங்கவயலில் இது நடக்க முடியுமா? வேலை லேசல்ல. கல் சுவரைக் குடைந்து ஒயரும் குழாயும் புதைப்பது பெரும்பாடு. வெளியே ஓட்டுவதே உத்தமம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவருக்கு சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். நம் அக்ரஹாரத்து வீடுகளில் சிமெண்ட் பூசிக் கஷ்டப்பட்டவர்களுக்கு இது தெரியும்! பூமிக்கடியில் பாறை வெடித்து ஊரையே உலுக்கும் 'ஏர் பிளாஸ்ட்' அதிர்வுகள் வேறு இங்கே வெகுகாலம் இருந்தன. ஆகவே விரிசல் கண்ட சுவர் எது, உறுதியான சுவர் எது என்று தேர்ந்த பொறியாளர் பார்த்துச் சொன்னாலன்றித் தளம் போடக்கூடாது.

பெரிய சங்கடம் கல்லில் இல்லை, பட்டாவில் இருக்கிறது. சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும், 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்திடமும் சென்று, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. வேலை போனவர்களில் அநேகர் கம்பெனி வீடுகளிலேயே தொடர்ந்து இருந்தார்கள். குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பேருக்கு எழுதித்தரக் கேட்டு அவர்கள் வெகுகாலம் போராடினார்கள். சொந்தமில்லாத வீட்டின் ஓட்டை மாற்ற யார் காசு போடுவார்? விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்பும் மனிதர், ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் படுக்கத்தான் செய்வார்.

கார்ன்வாலில் முதலில் பத்திரம் எழுதினார்கள், பிறகு தளம் போட்டார்கள்.