விளக்கைக் கையில் தராத பாதுகாப்பு: நிலக்கரிச் சுரங்கப் பெண்களின் கதை

இன்றைய ஜார்கண்டின் ஜரியாவிலும் வங்காளத்தின் ராணிகஞ்சிலும் தொடக்க காலச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். குடும்பங்களே இறங்கின. கணவன் கரியை வெட்டுவான். மனைவி அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வண்டியில் கொட்டுவாள். சந்தால், பவுரி முதலான சமூகங்களிலிருந்து வந்த இப்பெண்களை ‘காமின்’ என்று அழைத்தார்கள். 1920 வாக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்களே.

1929இல் வந்த விதிகள் அவர்களை நிலத்தடியிலிருந்து படிப்படியாக வெளியேற்றத் தொடங்கின. 1937இல் தடை முழுமையானது. பாதுகாப்பு, ஒழுக்கம் என்ற இரண்டு காரணங்களும் ஒன்றாகவே பேசப்பட்டன. 1842இல் பிரிட்டன் தன் பெண்களைச் சுரங்கத்திலிருந்து விலக்கியபோதும் இப்படித்தான் நடந்தது: உடல் படும் பாட்டைவிட, அரைகுறை ஆடையில் ஆண்களோடு பெண்கள் வேலை செய்ததே கனவான்களை அதிகம் பதறவைத்தது. கூரை சரிந்தால் ஆண் தலையிலும்தான் விழும். அவனுக்குத் தாங்குதூணும் காற்றோட்டமும் தேவை என்றார்கள். அவளை வெளியே போகச் சொன்னார்கள். குடும்ப வருமானத்தில் அவள் பங்கு போனது. அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

அந்த அக்கறைகூட நிலைக்கவில்லை. போருக்குக் கரி தேவைப்பட்டதும் 1943இல் தடை நீக்கப்பட்டது. 1944இல் மத்திய சட்டசபையில் இதற்குக் கண்டனம் எழுந்தபோது, தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர் இதை அவசரகால ஏற்பாடு என்றார். ஆணுக்குச் சமமான கூலி உறுதி செய்யப்பட்டிருப்பதையும் சுட்டிக்காட்டினார். போர் முடிந்தது. 1946இல் தடை திரும்பியது. ஆபத்து அப்படியே இருந்தது. மாறியது தேவை மட்டுமே. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 46ஆவது பிரிவில் இந்தத் தடையை நிலைநிறுத்தியது.

தடை பறித்தது வேலையை மட்டுமல்ல, அறிவையும்தான். 1966இல் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் வந்தன. புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படைப் பயிற்சி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி என்று அவை வகுத்தன. ஆனால் பயிற்சி என்பது செய்யும் வேலையை ஒட்டியே கிடைப்பது. கூரையைத் தட்டி, எழும் ஓசையிலிருந்து அதன் உறுதியை அறிவது. பாதுகாப்பு விளக்கின் சுடர்மேல் படரும் நீலநிறத்தைக் கண்டு மீத்தேன் வாயுவை உணர்வது. இவையெல்லாம் நிலத்தடிப் பாடங்கள். அங்கே அனுபவம் இருந்தால்தான் சர்தார், ஓவர்மேன் சான்றிதழ்களுக்குப் போக முடியும். மேலே நிறுத்தப்பட்ட பெண்ணுக்குக் கரி அள்ளுவதும் பெருக்குவதும் மிஞ்சின. கரி ஏற்ற இயந்திரம் வந்தபோது முதலில் வேலையிழந்தவள் அவளே. அரசுச் சுரங்கங்களில் பெண்கள் விருப்ப ஓய்வு பெற்றுத் தம் வேலையை மகனுக்குக் கொடுக்கத் தனித் திட்டமே இருந்தது.

தூசி சுரங்கவாயிலில் நின்றுவிடுவதுமில்லை. கரி உடைக்கும் இடத்திலும் ஏற்றும் இடத்திலும் அது பெண்ணின் நுரையீரலுக்குள்தான் போகிறது. நிலத்தடியை மட்டுமே ஆபத்தாகக் கண்ட சட்டம், மேலே நின்றவளின் நோயைக் காணவில்லை.

2019இல் அரசு ஆணை ஒன்று, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் பகல் வேளையில் நிலத்தடியில் பணியாற்ற அனுமதித்தது. 2021இல் ஆகாங்ஷா குமாரி என்ற பொறியாளர் ஜார்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் பணியில் சேர்ந்தார். மகிழத்தக்க செய்திதான். ஆனால் இந்தக் கதவு பட்டம் பெற்றவளுக்கே திறந்தது. கூடை சுமந்த காமினின் பேத்திக்கு அந்தப் பட்டம் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

ஆகவே, எத்தனை பெண்கள் கீழே இறங்கினார்கள் என்ற கணக்கோடு இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த மொழியில் பயிற்சி நடக்கிறதா? தலைக்கவசமும் காலணியும் அவள் அளவில் கிடைக்கின்றனவா? கழிப்பறை இருக்கிறதா? ஒப்பந்தத்தில் கரி அள்ளுபவளின் பெயர் பயிற்சிப் பதிவேட்டில் உண்டா? ஆபத்தைத் தானே கண்டறிந்து, ‘இங்கே வேலை செய்ய மாட்டேன்’ என்று சொல்லும் அறிவும் உரிமையும் அவளுக்கு வேண்டும். நூறாண்டுகளாக அவளுக்குத் தரப்படாத பாதுகாப்பு அதுதான்.