மறைந்த மலைக்காடை

கோடைக்காலத்தில் டில்லியின் வெப்பம் தாளாது முசூரிக்கும் நைனிதாலுக்கும் செல்லும் தமிழர் பலர். பனிச்சிகரங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் அவர்களுள், அந்நகரங்களைச் சுற்றியுள்ள புற்சரிவுகளில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு புதிர் விடுவிக்கப்படாமல் கிடக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. ஹிமாலய மலைக்காடை என்னும் சிறு பறவையைப் பற்றிய புதிர் அது.

கௌதாரியைவிடச் சிறியது, நாம் அறிந்த காடையைவிடச் சற்றுப் பெரியது. ஆண் பறவை சாம்பல் நிறமுடையது. அதன் கரிய முகத்தில் வெண்மையான புருவக்கோடு விளங்கும். அலகு பவளம்போற் சிவந்திருக்கும். பெண் பறவைக்குப் பழுப்பு நிறம். உயர்ந்த புல்லும் புதரும் மண்டிய செங்குத்தான சரிவுகளே இதன் வாழிடம். சிறு கூட்டமாக வாழும். காலடியில் மிதிபடும் நிலை வந்தாலன்றி எழுந்து பறவாது. பறந்தாலும் சிறிது தொலைவிலேயே மீண்டும் புல்லுக்குள் விழுந்து ஒளிந்துகொள்ளும்.

இதன் வரலாறு இந்திய மலைகளில் தொடங்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு கூண்டில் தொடங்குகிறது. டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் வளர்க்கப்பட்ட பறவைகளைக் கண்டு, ஜான் எட்வர்டு கிரே என்னும் அறிஞர் 1846-ஆம் ஆண்டு இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்பதற்கு மேல் ஊரோ மலையோ குறிக்கப்படவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1865-ஆம் ஆண்டு நவம்பரில், முசூரிக்குப் பின்புறமுள்ள பத்ராஜ், பினோக் மலைகளுக்கிடையே மெக்கின்னன் என்பவரின் துப்பாக்கிக்கு இப்பறவை இலக்காயிற்று. அதன் இருப்பிடம் அப்போதுதான் தெரியவந்தது. 1867-ஆம் ஆண்டின் இறுதியில் ஜாரிபானியில் ஹட்டன் என்பவரது இல்லத்தருகே ஒரு கூட்டம் வந்து தங்கி, அடுத்த ஆண்டுக் கோடை வரை அங்கே இருந்தது.

பின்னர் 1876 டிசம்பர். தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த காலம். நைனிதாலில் ஷேர்-கா-டண்டா மலையின் கிழக்குச் சரிவில், கார்விதன் என்னும் இராணுவ அதிகாரி ஒரு மலைக்காடையைச் சுட்டு வீழ்த்தினார். ஐயத்துக்கு இடமின்றி இப்பறவையை மனிதர் கண்டது அதுவே கடைசி. அதன் பின் கண்டதாகச் சிற்சில செய்திகள் வந்ததுண்டு, எதுவும் உறுதிப்படவில்லை. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள பத்துப் பன்னிரண்டு பாடம் செய்த உடல்களே.

இப்பறவை ஏன் அருகியது? மலைநகரங்கள் எழுந்ததும், வேட்டை பெருகியதும், மேய்ச்சலாலும் தீயாலும் புற்சரிவுகள் மாறியதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவை தக்க ஊகங்கள், ஆயினும் ஊகங்களே. இப்பறவையின் கூட்டையோ முட்டையையோ விவரித்தவர் எவருமில்லை. இதனை எழுத்தில் பதித்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியேந்தியவர்கள். அவர்களின் குறிப்புகள் பறவை வீழ்ந்த இடத்தைச் சொல்கின்றன. அது வாழ்ந்த விதத்தைச் சொல்வது குறைவு.

இத்தனை ஆண்டுகள் கண்ணிற்படாத பறவையை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் 'அற்றுப்போனது' என்று கூறவில்லை. 'அழிவின் விளிம்பில் உள்ளது' என்றே கூறுகிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதனை முதல் அட்டவணையில் சேர்த்தது. இது வெறும் ஆசையன்றோ என்று சிலர் வினவலாம். ஆசை மட்டும் அன்று. ஓர் உயிரினம் அற்றுப்போனது என்று எழுதிவிட்டால் தேடுவோர் நின்றுவிடுவர். அதன் வாழிடத்தைக் காக்கும் காரணமும் தளர்ந்துவிடும். ஒருகால் எஞ்சியிருந்த சிலவும் நம் தீர்ப்பினாலேயே மடியக்கூடும். உயிரோடிருப்பவனுக்கு ஈமக்கடன் செய்வதை ஒக்கும் பிழை அது.

அத்தகைய பிழைக்கு நம் நாடு அருகில் சென்றதுண்டு. ஆந்திர நாட்டில் ஜெர்டனின் பெயர் தாங்கிய ஓர் ஓடுபறவை 1900-க்குப் பின் காணப்படவில்லை. அழிந்ததென்றே பலரும் கருதினர். 1986-ஆம் ஆண்டு அது கடப்பை மாவட்டத்தின் புதர்க்காட்டில் மீண்டும் காணப்பட்டது. உள்ளூர் மக்களின் துணையின்றி அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது. 1884-க்குப் பின் உறுதியான சான்று இல்லாதிருந்த காட்டுச் சிற்றாந்தை, 1997-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. எனினும், இவ்விரண்டும் கிடைத்தமையால் மூன்றாவதும் கிடைத்தே தீரும் என்று நாம் முடிவு செய்தலாகாது. முழுமையாகத் தேடாமல் தீர்ப்பு வழங்கலாகாது என்பதே இவை கற்பிக்கும் பாடம். மனிதர் ஏற அஞ்சும் சரிவில், பறக்க மறுக்கும் பறவையைத் தேடுவது எளிதன்று. ஆண்டுதோறும் அச்சரிவுகளில் புல்லறுக்கும் மலைமக்களைக் கேளாமல் அத்தேடல் முழுமை பெறாது.

தமிழில் 'மறைதல்' என்ற சொல்லுக்கு ஒளிந்துகொள்ளுதல் என்றும் பொருள். இறந்துபோதல் என்றும் பொருள். மலைக்காடை மறைந்தது என்று நாம் சொல்லும்போது, அவ்விரு பொருள்களில் எது உண்மை என்பதை இதுவரை எவரும் அறியார். அடுத்த கோடையில் முசூரிக்குச் செல்லும் அன்பர்கள், பினோக் மலையின் புற்சரிவைச் சற்று நின்று நோக்குவார்களாக. பறவை தென்படாமற் போகலாம். ஆயினும் அப்புல் அங்கே தழைத்திருக்கும் வரை, இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கில்லை.