சுருக்கிய ஒலியும் இழந்த குரலும்

1877இல் எடிசன் என்பார் போனோகிராப் கருவியை இயற்றும்வரை, மாண்டவர் குரல் மாண்டவரோடே மறைந்தது. ஒலியைப் பிடித்து வைத்தமை மனிதன் பெற்ற பெருவெற்றிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை உண்டு. கொள்கலம் சிறிதாயின், ஒலியில் ஒரு பகுதியைக் கழித்தே அதனுள் அடக்கல் வேண்டும். எதைக் கழிப்பது, அதனை யார் தீர்மானிப்பது என்பவையே ஒலிப்பதிவின் வரலாறு நெடுகிலும் எழுந்த வினாக்கள்.

கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடிற்று. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த காலந்தொட்டு, நெடுநேரம் விரித்துப் பாடும் வழக்கமுடைய பாடகர்கள் தம் இராகங்களை அம்மூன்று நிமிடத்துக்குள் குறுக்கலாயினர். 1925இல் மின்சார ஒலிப்பதிவு வருமுன், மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் தட்டில் செவ்வனே ஏறவில்லை. எனினும் 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை இன்று நாம் கேட்பதற்கு அத்தட்டுகளே காரணம். குறையுடையதாயினும் பதிவு பதிவே.

1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை வெளியிட்டனர். பின்னாளில் அது நம் தோட்டத்து லயங்களிலும் புகுந்தது. ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் மிகுந்தது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு இக்குறையைப் போக்கிற்று. அது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒன்று, சுழி என்னும் குறிகள் பதினாறால் எழுதி, இடம் வலம் என இரண்டாக வைப்பது. ஆக, ஒரு நொடிக்கு 1,411,200 குறிகள் வேண்டும். அக்காலத்துக் கணினிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் இது தாங்கொணாச் சுமை.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர் கண்ட வழி, 1995இல் எம்.பி.3 என்னும் பெயர் பெற்றது. அதன் கொள்கை எளிது. உறுமி மேளம் முழங்குகையில் அருகே நிற்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேளாது. வலிய ஒலி தன்னை அடுத்த மெலிய ஒலியை மறைத்துவிடும். அங்ஙனம் மறைபவற்றை நுணுக்கமின்றி எழுதினாலும், அறவே விட்டாலும், செவி அறியாது என்பதே அவர்தம் கணக்கு. நொடிக்கு 128,000 குறிகளாகச் சுருக்கின், குறுவட்டின் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும்.

சுருக்கம் மிகுந்தால் கணக்குப் பிழைக்கும். தாளத்தின் கூரிய உச்ச ஒலி மங்கும். தப்பின் மீது விழும் திடீர் அடிக்கு முன்னரே ஒரு மெல்லிய இரைச்சல் தோன்றும். பக்கவாத்தியமின்றித் தனித்தொலிக்கும் குரலில் பழுதை மறைக்க வேறு ஒலி இல்லை. சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி துணைவாத்தியமின்றிப் பாடிய பாட்டையே பிராண்டன்பர்க் தம் முறைக்குக் கடுஞ்சோதனையாகக் கொண்டதும் இதனாலேயே.

இதனால் நமக்கென்ன என வினவலாம். நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் தனிக்குரல்களே அல்லவோ! ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கும் பட்டணத்துக்கும் இடம்விட்டன. தோட்டமக்கள் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1942–43இல் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் துயரமும் ஏட்டில் ஏறியது சிறிதே. வாய்மொழியில் நின்றதே பெரிது. அத்தகைய குரல்கள் இன்று பழைய கேசட்டுகளிலும் கைப்பேசிகளிலும் கிடக்கின்றன. கேசட்டின் இரைச்சலையும் சுருக்கும் முறை ஒலியென்றே எண்ணி அதற்கும் இடம் கொடுக்கும். அந்த அளவுக்குக் குரலுக்குரிய இடம் குறையும்.

ஆதலின் அன்பர்கள் மூன்று செய்திகளை உளங்கொள்ளல் வேண்டும். முதலாவது, சுருக்கிய கோப்பினை அப்படியே படியெடுப்பதால் கேடில்லை. மீண்டும் சுருக்குந்தோறும் கேடு வளரும். இரண்டாவது, ஒருமுறை எறிந்தது மீளாது, எம்.பி.3ஐப் பெரிய கோப்பாக மாற்றினும் இழந்த ஒலி திரும்பி வாராது. மூன்றாவது, கேசட்டிலிருந்து மாற்றுவோர் முதற்படியைச் சுருக்காத வேவ் முறையிலோ, 2001இல் வெளிவந்த, இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் முறையிலோ காத்தல் வேண்டும். உறவினர்க்கு அனுப்பும் சிறுபடியை அத்தாய்ப்படியிலிருந்தே எடுக்கலாம்.

செவிக்கு இது போதும் எனக் கணித்தோர் நம் ஒப்பாரியைக் கேட்டுக் கணித்தவரல்லர். அவர்மீது குற்றமில்லை, பாட்டைப் பலர்க்கும் எட்டச்செய்த பெரும்பணி அவருடையது. நம் மூத்தோர் குரலில் எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நாமே. கேசட்டின் நாடா நைந்து போகுமுன் அவ்வேலையைத் தொடங்குவோமாக.