தாவித் தாவிப் போகும் மின்சாரம்

காலேஜ்ல செமிகண்டக்டர் பாடத்துல அணுக்கள் வரிசை கட்டி நிக்கும், எலக்ட்ரான் வழுக்கிட்டு ஓடும். சரி, வரிசையே இல்லாத பொருள்ல? அந்தக் கதையை அப்புறம் நானாத் தேடிப் படிச்சேன்.

1958-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த பிலிப் ஆண்டர்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கின்மை ஓர் அளவைத் தாண்டினால் எலக்ட்ரான் பரவாது, இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும் என்றார். நம்பினவங்க ரொம்பக் கொஞ்சம்.

அதை விடாமல் பிடித்துக்கொண்டவர் கேம்பிரிட்ஜின் நெவில் மாட். சிக்கின எலக்ட்ரான் எப்படி நகரும்? அணுக்களின் அதிர்விலிருந்து கொஞ்சம் ஆற்றலைக் கடன் வாங்கித் தாவும். பக்கத்து இடம் கிட்டத்தான், ஆனா ஆற்றல் வித்தியாசம் பெரிசா இருக்கலாம். குளிரக் குளிர கடன் கிடைப்பது கஷ்டம். அதனால தூரமா இருந்தாலும் ஆற்றல் ஒத்துப்போற இடமாப் பார்த்துத் தாவும். 1960-களின் கடைசியில் இந்தப் பேரத்தைக் கணக்குப் போட்டு அவர் எழுதின சூத்திரத்தில், வெப்பநிலைக்கு மேலே 1/4-ன்னு ஒரு அடுக்கு உட்கார்ந்திருக்கும்.

1977-ல் ரெண்டு பேருக்கும், ஆண்டர்சனின் ஆசான் வான் விளெக்கோடு சேர்த்து, நோபல் பரிசு. அந்த நோபல் உரையில் ஆண்டர்சன் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: அந்தக் கட்டுரை ஆரம்பத்துல முழுசாப் புரியாதவங்க லிஸ்ட்ல அதை எழுதினவரும் உண்டாம் :-)