மழலையர் நாடி: இப்னு ஸீனா முதல் இன்றுவரை

நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நோயறிந்தது போன்றே, யூனானி ஹகீம்களும் 'நப்ளு' எனும் நாடியைக் கொண்டு உடலின் நிலையை உணர்ந்தனர். இக்கலைக்கு இலக்கணம் வகுத்தோருள் தலையாயவர் இப்னு ஸீனா (கி.பி. 980–1037). கிரேக்க அறிஞர் ஜாலீனூஸின் வழிநின்று, ஒழுங்கு தவறிய நாடிகளை மான் நாடி, எறும்பு நாடி, புழு நாடி என அவர் தமது 'அல்கானூன்' நூலில் வகைப்படுத்தினார். குழந்தையின் நாடி பெரியோர் நாடியினும் விரைவுடையது என்பதும் அவர் கண்டதே.

இன்றைய கணக்கும் அதனை மெய்ப்பிக்கிறது. பெரியோர்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும் இதயம், பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரை துடிக்கும். மூச்சை இழுக்கையில் விரைந்தும் விடுகையில் தணிந்தும் துடிப்பது சிறார்க்கு இயல்பு. நோயிலும் வேறுபாடு உண்டு. பெரியோர்க்குத் துடிப்புக் கோளாறு பெரும்பாலும் இரத்தக் கொதிப்பு, இரத்தக்குழாய் அடைப்பு, முதுமை ஆகியவற்றால் பின்னாளில் வருவது. சிறார்க்கோ, இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே அமைந்த குறையாக இருப்பதே மிகுதி.

இம்மின்னோட்டம் விரலுக்கு எட்டாதது. அதனை வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. முறையைக் கண்ட டச்சு அறிஞர் ஐன்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். அக்கருவியின் துணையால், 1957இல் நார்வே மருத்துவர்கள் யெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரே குடும்பத்தில் பிறவிச் செவிடான நான்கு குழந்தைகள் அடிக்கடி மயங்கி விழுந்தனர். மூவர் இளமையிலேயே திடீரென மாண்டனர். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பின் ஓர் இடைவெளி நீண்டிருந்தது. உட்செவிக்கும் இதயத்துக்கும் பொதுவான ஒரு மரபணுவின் பழுதே காரணம் என்பது 1997இல் தெளிவாயிற்று.

இவ்வரலாறு தொலைதேசத்துக் கதையன்று. தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் பழுது சேரும்போதே இந்நோய் வெளிப்படும். நெருங்கிய உறவில் மணம் முடிக்குமிடத்து அதற்கு வாய்ப்புக் கூடுதல். மார்க்கம் அனுமதித்த மணத்தை யாம் குறை கூறவில்லை, விழிப்பையே வேண்டுகிறோம். ஆறுமுகநேரி, காயல்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில், ஓடுகையிலோ நீந்துகையிலோ அச்சத்தாலோ குழந்தை மயங்கி விழுந்தால், காற்றுக் கறுப்பு என்றோ காக்காய்வலிப்பு என்றோ வாளாவிருத்தல் தகாது. பிறவியிலேயே செவி கேளாத குழந்தைக்கு மயக்கம் வராவிடினும் ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்தல் நலம். நோய் தெரிந்துவிட்டால், நாள்தோறும் உண்ணும் மருந்தாலும், வேண்டுமாயின் நெஞ்சில் பொருத்தும் கருவியாலும் உயிர் காக்க வழியுண்டு.

ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. அதனோடு மருத்துவரையும் நாடுக. குழந்தைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அன்றோ!