புள்ளலூர் வாணமும் கரியிழைக் குழலும்

பெரிய காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமுமே நம் உள்ளத்தில் முதலில் எழும். அந்நகரிலிருந்து சில மணி நடைத் தொலைவில் புள்ளலூர் என்றொரு சிற்றூர் உண்டு என்பதையும், உலக ராக்கெட்டு வரலாற்றில் அவ்வூருக்கு நிலையானதோர் இடம் உண்டு என்பதையும் நம்மில் அறிந்தோர் சிலரே.

1780ஆம் ஆண்டில் ஹைதர் அலி பெரும்படையுடன் கருநாடகப் பகுதியில் இறங்கினார். அவரை எதிர்க்க ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சியில் வந்து தங்கினார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி தம் படையோடு வந்து அவருடன் சேர்வதாக ஏற்பாடு. அவ்விரு படைகளும் ஒன்று சேராதபடி இளவரசர் திப்பு இடைமறித்தார். செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை வளைக்கப்பட்டது. மைசூர் வாணங்கள் சீறி வந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அத்தீக்கு வாணங்களே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். பெய்லி சிறைப்பட்டார், 1782இல் சீரங்கப்பட்டினத்துச் சிறையிலேயே இறந்தார். மன்றோவோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இதனைப் படிக்கையில் நமக்குப் பெருமிதம் தோன்றுவது இயல்பு. ஆயினும் அப்பெருமிதத்தோடு மற்றொன்றையும் மறவாதிருத்தல் நம் கடன். பெய்லியின் படையில் மடிந்தவருள் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. அப்போரினால் ஊர்கள் எரிந்தன. உழவரும் நெசவாளரும் ஊரைவிட்டு ஓடினர். அம்மக்களின் துயரத்தை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது நேர்மையான வரலாறு ஆகாது.

இனி, அந்த வாணத்தின் சிறப்பு யாது எனக் காண்போம். வாணம் என்பது பழம்பொருளே. ஆனால் அந்நாளில் ஐரோப்பியர் அறிந்திருந்த வாணத்தின் குழல் தாளை ஒட்டிச் செய்யப்பட்டது. மருந்து எரிகையில் உள்ளே அழுத்தம் மிகுந்தால் அக்குழல் கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்களோ இரும்புத் தகட்டால் குழல் செய்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது. அதனால் வாணம் நெடுந்தொலைவு பாய்ந்தது. மூங்கிற்கழியிலோ வாளிலோ தோல்வாரால் கட்டி அதனை ஏவினர். மருந்து பழையதுதான், குழலே புதியது. ராக்கெட்டின் வளர்ச்சி பெரும்பாலும் குழலின் வளர்ச்சியே எனலாம்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அவர்தம் வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றை ஆராய்ந்து, அளந்து, திரும்பத் திரும்பச் சோதித்துத் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகர் அவற்றால் எரிந்தது. நம்மவரின் கலையோ நம் நாட்டில் மறைந்தது. 2018இல் கருநாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், ஒரு பாழ்ங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழல்களைச் சேற்றோடு எடுத்தார்கள். கற்றுக்கொண்டவன் கையில் கலை வளர்ந்தது; காக்கத் தவறிய இடத்தில் அது துருப்பிடித்தது.

அறுந்த அந்த இழையை மீண்டும் பற்றியவர்களுள் ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்த மர்ஹூம் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். 1963இல் அவர் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, வாலப்ஸ் தீவு ராக்கெட்டு நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் கண்டார். அதில் வாணம் ஏவுவோர் கறுத்த நிறத்தவர். உற்று நோக்கியபோது அது திப்புவின் படை எனத் தெரிந்தது. தாயகம் மறந்ததை அயலார் நினைவில் வைத்திருந்தமை அவர் உள்ளத்தைத் தொட்டது.

தும்பாவில் அவர் ஈடுபட்ட பணிகளுள் ஒன்று, உலோகமல்லாத கூடுகளை ஆக்குவது. இழையைப் பிசினில் தோய்த்து உருளையின் மீது சுற்றி இறுகச் செய்வதே அம்முறை. 1980 சூலை 18ஆம் நாள் 35 கிலோ எடையுள்ள ரோகிணியை விண்ணில் சேர்த்த எஸ்.எல்.வி.–3 ராக்கெட்டின் மேலடுக்குகளில் இத்தகைய கூடுகள் பயன்பட்டன.

இன்று அதே முறையை, பொழுதுபோக்காகச் சிறு ராக்கெட்டு செய்வோர் பல நாடுகளில் தம் வீட்டுக் கூடத்திலேயே கையாளுகின்றனர். வழவழப்பான உருளைத் தண்டொன்றில் ஒட்டாத தாளைச் சுற்றுவர். அதன்மேல் கார்பன் இழைத் துணியை இறுகச் சுற்றி எப்பாக்சிப் பிசினை ஊட்டுவர். மிகுந்த பிசினைப் பிழிந்தெடுப்பர். பிசின் இறுகியபின் தண்டை உருவினால் குழல் கிடைக்கும். அது எஃகின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே இருக்கும். தாட்குழல் நெளிந்து முறியும் வேகத்தையும் அது தாங்கும். கரியிழை வானொலி அலையைத் தடுக்குமாதலால், ஒலிபரப்புக் கருவி வைக்கும் பகுதியை மட்டும் கண்ணாடி இழையால் செய்வர்.

இதில் காஞ்சி நெசவாளருக்குப் புரியாத நுட்பம் ஏதுமில்லை. இழையின் வலிமை அதன் நீளவாக்கிலேயே உண்டு. பாவு ஒரு திசையில் தாங்கும். ஊடை மறு திசையில் தாங்கும். குழல் வளையாதிருக்க நீளவாட்டு இழை வேண்டும்; முறுக்குக்கு ஈடுகொடுக்கச் சாய்விழை வேண்டும்; நசுங்காதிருக்கச் சுற்றிழை வேண்டும். எத்திசையில் சுமை வருமோ அத்திசையில் இழையை வைப்பதே கலையின் உயிர்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாதல் வேண்டும். பிசின் தோலைப் பாதிக்கும். கரியிழையை அறுக்கையில் எழும் தூள் மூச்சுக்கு ஆகாது. கையுறையும் முகமூடியும் இன்றி இதில் இறங்கலாகாது. குழல் செய்வது வேறு, மருந்து அடைப்பது வேறு. வீட்டில் வெடிமருந்து கலப்பது உயிருக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு.

இக்கலையின் உயர்ந்த பயனைப் போர்க்களத்தில் நாம் காணவில்லை. 1989இல் ஏவப்பட்ட அக்னிக்காக உருவான இலேசான கூட்டுப் பொருளைக் கண்ட ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவன மருத்துவர் ஒருவர், இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாத சிறுவரை எண்ணினார். மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகக் காற்கருவிகளை இழுத்து நடந்த அச்சிறுவர்க்குக் கலாமின் குழுவினர் 300 கிராம் எடையில் கருவி செய்தளித்தனர். பிள்ளைகள் ஓடியாடியதைக் கண்டு பெற்றோர் கண்ணீர் வடித்ததைக் கலாமே பலமுறை கூறியிருக்கிறார். தமக்குப் பேரின்பம் தந்த பணிகளுள் அதனையும் ஒன்றாக எண்ணினார்.

புள்ளலூரில் 1781ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. வாணக் குழல் செய்த கொல்லரின் பெயரை நாம் அறியோம். அவருக்குத் தூண் எழுப்பத் தேவையில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரு பொருளைக் கையிலெடுத்து, ‘இது ஏன் முறிந்தது, எப்படிச் செய்தால் முறியாது?’ என்று கேட்கும்போது, ‘போய்ப் பாடத்தைப் படி’ என்று அதட்டாமல் அவனருகில் நாமும் அமர்வோமாயின், அதுவே அக்கொல்லருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.